ஒற்றை நானோ அமைப்பு நிறமாலையியல்

ஒற்றை நானோ அமைப்பு நிறமாலையியல் என்பது, நானோமீட்டர் அளவுள்ள ஒரு பொருளை அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக எடுத்துக்கொண்டு, அது ஒளியை எவ்வாறு உட்கவர்கிறது, உமிழ்கிறது, சிதறடிக்கிறது என்பதையும், அதன் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதையும் அளந்தறியும் துறை ஆகும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. கரிம நானோகுழாய்கள் (கார்பன் நானோகுழாய்கள்), குறைகடத்தியால் ஆன குவாண்டம் புள்ளிகள், பொன், வெள்ளி முதலிய மாழைகளின் (உலோகங்களின்) நானோ துகள்கள் ஆகியவை இத்துறையில் மிகுதியாக ஆராயப்படும் பொருட்கள்.

ஒரு நானோ பொருளின் பண்புகள் அதன் பருமனையும் வடிவத்தையும் சார்ந்தவை. ஒரே குப்பியில், ஒரே முறையில் ஆக்கப்பட்ட துகள்களிலும் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே பல கோடித் துகள்களை ஒருசேர அளந்து பெறும் முடிவு அவற்றின் சராசரியே ஆகும். அச்சராசரி எந்த ஒரு துகளின் உண்மையான பண்பையும் காட்டாமல் போகக்கூடும். இக்குறையை நீக்கும் பொருட்டே இத்துறை வளர்ந்தது.

திரள் அளவீடும் ஒற்றை அளவீடும்

ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் ஒரு நானோமோலார் செறிவில் குவாண்டம் புள்ளிகள் கலந்திருந்தால், அதில் ஏறத்தாழ 60,000 கோடி புள்ளிகள் இருக்கும். வழக்கமான நிறமாலைமானி இவை அனைத்திலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்தே அளக்கிறது. இவ்வாறு அளப்பது திரள் அளவீடு எனப்படும். திரள் அளவீட்டில் மூன்று வகைச் செய்திகள் மறைந்துபோகின்றன.

முதலாவது, நிறமாலைக் கோட்டின் உண்மையான அகலம். ஒவ்வொரு துகளும் சற்றே வேறுபட்ட அலைநீளத்தில் ஒளிர்வதால், திரளின் நிறமாலை அகன்று காணப்படும். இந்த அகலம் துகள்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டால் வந்ததா, ஒவ்வொரு துகளுக்கும் உள்ளார்ந்து அமைந்ததா என்பதைத் திரள் அளவீட்டில் எளிதில் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது, பரவலின் வடிவம். ஒரு வகுப்பில் பாதிப் பேர் 100 மதிப்பெண்ணும் மறுபாதிப் பேர் 0 மதிப்பெண்ணும் பெற்றால் வகுப்பின் சராசரி 50 ஆகும். ஆனால் 50 மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவரும் இல்லை. நானோ துகள்களிலும் இவ்வாறே, பாதி நன்றாக ஒளிர்ந்து பாதி ஒளிராமலே இருந்தால், எல்லாத் துகள்களும் அரைகுறையாக ஒளிர்வதாகத் திரள் அளவீடு காட்டும்.

மூன்றாவது, காலத்தைப் பொறுத்த மாற்றம். ஒவ்வொரு துகளும் தன் போக்கில், வெவ்வேறு நேரங்களில் மாறுவதால், திரளின் மொத்த ஒளி மாறாமல் இருப்பது போலவே தோன்றும்.

வரலாறு

பொன் துகள்கள் கலந்த செந்நிற நீர்மத்தை 1857 இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து, துகள்களின் நுண்மையே அந்நிறத்துக்குக் காரணம் எனக் கருதினார். தனித்தனித் துகள்களை அவரால் காண இயலவில்லை. 1903 இல் ஈன்ரிச் சீடென்டோப்பு, ரிச்சர்டு சிக்மாண்டி ஆகிய இருவரும் பக்கவாட்டில் வலுவான ஒளியைச் செலுத்தி, இருண்ட பின்புலத்தில் ஒவ்வொரு துகளும் ஓர் ஒளிப்பொட்டாகத் தெரியுமாறு செய்தனர். இக்கருவி மீநுண்ணோக்கி எனப்பட்டது. சிக்மாண்டிக்கு 1925 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கோள வடிவத் துகள் ஒளியைச் சிதறடிக்கும் முறைக்கான முழுமையான கோட்பாட்டை 1908 இல் குஸ்தாவ் மீ வகுத்தார்.

அதிர்வுகளை அறியும் வழி 1928 இல் பிறந்தது. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் பிறந்த சி. வி. இராமனும், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இவ்விளைவைக் கண்டனர். ஒரு பொருளால் சிதறடிக்கப்படும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்றும், அந்த மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுகளுக்கு ஈடானது என்றும் இதனால் விளங்கியது. இதுவே இராமன் விளைவு. இதற்காக இராமன் 1930 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

தனி மூலக்கூறு ஒன்றின் ஒளி உட்கவர்தலை 1989 இல் டபிள்யூ. ஈ. மோர்னரும் லோதார் காடரும் உறைகுளிர் நிலையில் முதன்முதலாக அளந்தனர். அடுத்த ஆண்டில் மிசேல் ஓரியும் உடன்பணியாளரும் தனி மூலக்கூறின் ஒளிர்வைக் கண்டனர். 1996 இல் தனி குவாண்டம் புள்ளிகளின் ஒளிர்வும், 1997 இல் வெள்ளித் துகள்களின் மீது படிந்த தனி மூலக்கூறுகளின் இராமன் சிதறலும், 2001 இல் தனி கரிம நானோகுழாய்களின் இராமன் சிதறலும் அளக்கப்பட்டன.

தனித்து அளப்பதில் உள்ள இடர்கள்

எர்ண்ஸ்ட் ஆபே 1873 இல் காட்டியபடி, நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ ஒளியின் அலைநீளத்தில் பாதி. ஒளியின் விளிம்பு விளைவால் இவ்வரம்பு ஏற்படுகிறது. 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிகச் சிறந்த வில்லையால் குவித்தாலும் பிரிதிறன் 180 நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே 1 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயின் உருவத்தை இவ்வாறு காண இயலாது. எனினும் துகள்கள் ஒன்றுக்கொன்று ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் விலகி இருக்குமாறு கரைசலை நீர்க்கச் செய்து கண்ணாடித் தகட்டில் பரப்பினால், குவிக்கப்பட்ட ஒளிப்பொட்டினுள் ஒரு நேரத்தில் ஒரு துகளே இருக்கும். உருவம் தெரியாவிட்டாலும், அத்துகளின் நிறமாலையை அளக்க இதுவே போதுமானது.

இரண்டாவது இடர் குறிப்பலையின் நலிவு. இராமன் சிதறலில் பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி வரையிலான ஒளியன்களுள் ஒன்றே நிறம் மாறி வருகிறது. மிகச் சிறு துகள்களிலிருந்து நேராகச் சிதறும் ஒளியும் விரைந்து குறைகிறது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் உட்கவர்தல் ஆயிரத்தில் ஒரு பங்காகவும், சிதறல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகவும் குறையும். எனவே 50 நானோமீட்டர் பொன் துகளைச் சிதறல் ஒளியால் எளிதில் காணலாம். 5 நானோமீட்டர் துகளை அவ்வாறு காண்பது மிகக் கடினம்.

அளக்கும் முறைகள்

ஒளிர்வு நுண்ணோக்கியியல்: சீரொளியால் (லேசரால்) துகளைத் தூண்டி, அது நீண்ட அலைநீளத்தில் உமிழும் ஒளியை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் முறை. பின்புலம் இருண்டிருப்பதால் ஒரு துகளின் ஒளியும் தெளிவாகத் தெரியும். தாமே ஒளிரும் பொருட்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

இருள்புல நுண்ணோக்கியியல்: சிதறும் ஒளியை மட்டும் பார்ப்பது. சிக்மாண்டியின் மீநுண்ணோக்கியின் வழிவந்தது. சில பத்து நானோமீட்டர் பருமனுள்ள மாழைத் துகள்களுக்கு ஏற்றது.

ஒளிவெப்ப முறை: துகள் உட்கவர்ந்த ஒளி வெப்பமாக மாறிச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணைச் சிறிது மாற்றும். அம்மாற்றத்தை இரண்டாவது சீரொளிக் கற்றை ஒன்றால் அறிவர். உட்கவர்தல் சிதறலைப் போல் அத்துணை விரைவாகக் குறைவதில்லை என்பதால், மிகச் சிறு துகள்களையும் இம்முறையால் காணலாம். பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் 2002 இல் இது பொன் துகள்களுக்குப் பயன்படுத்திக் காட்டப்பட்டது.

இராமன் நுண்ணோக்கியியல்: துகளின் அதிர்வுகளை அறிய உதவுவது. சீரொளியின் ஆற்றல், துகளில் உள்ள எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) ஓர் ஆற்றல் நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஆற்றலோடு பொருந்தும்போது சிதறல் பன்மடங்கு வலுப்பெறும். இது ஒத்ததிர்வு இராமன் சிதறல் எனப்படும்.

அண்மைப்புல முறை: விளிம்பு விளைவு வரம்பைக் கடந்து செல்லும் முறை. அலைநீளத்தைவிடச் சிறிய துளையைப் பொருளின் மிக அருகே வைத்தால் வரம்பைக் கடக்கலாம் என்று அயர்லாந்தைச் சேர்ந்த எட்வர்டு சிஞ்சு, இராமன் விளைவு கண்டறியப்பட்ட அதே 1928 இல் எழுதினார். 1984 இல் இது செயற்படுத்திக் காட்டப்பட்டது. பின்னர், துளைக்கு மாறாகக் கூரிய வெள்ளி அல்லது பொன் முனையைப் பயன்படுத்தும் முறை வந்தது. இதனால் நானோகுழாய்களின் இராமன் படம் ஏறத்தாழ 25 நானோமீட்டர் பிரிதிறனுடன் 2003 இல் பெறப்பட்டது.

நேரம் பிரித்தளக்கும் முறை: மிகக் குறுகிய சீரொளித் துடிப்பு ஒன்றால் துகளைத் தூண்டி, சிறிது காலம் தாழ்த்தி வரும் இரண்டாவது துடிப்பால் அதன் நிலையை அறிவது. துகளின் அதிர்வை நேரடியாகக் காலப்போக்கில் பின்தொடர இது உதவுகிறது.

கரிம நானோகுழாய்

ஒளியியல் அளவீடும் அதிர்வு அளவீடும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைசெய்கின்றன என்பதற்குக் கரிம நானோகுழாய் சிறந்த எடுத்துக்காட்டு. ஒற்றைச் சுவர் நானோகுழாய் என்பது ஓரணுத் தடிப்புள்ள கரிமத் தாளைச் சுருட்டியது போன்ற குழாய். தாளை எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில் சுருட்டுகிறோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிப்பர். எடுத்துக்காட்டாக (10, 10), (6, 5) என எழுதுவர். இவ்விரண்டு எண்களின் வேறுபாடு மூன்றால் மீதியின்றி வகுபட்டால் குழாய் மாழையைப் போல் மின்கடத்தும். இல்லாவிடில் அது குறைகடத்தியாகும். ஆக்கும்போது பல வகைக் குழாய்கள் கலந்தே விளைவதால், கையில் உள்ள குழாய் எது என்று கண்டறிவது முதன்மையான கேள்வி ஆகின்றது.

குழாயின் எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் வெளிநோக்கியும் உள்நோக்கியும் அசையும் அதிர்வு ஒன்று உண்டு. மூச்சு விடும்போது மார்பு விரிந்து சுருங்குவதைப் போல் இருப்பதால் இது ஆரத்திசை மூச்சதிர்வு எனப்படுகிறது. குழாய் எவ்வளவு பருத்ததோ அவ்வளவு மெதுவாக இது அதிரும். சிலிக்கான் டை ஆக்சைடு தகட்டின் மீதுள்ள தனிக் குழாய்களுக்கு, 248 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் அதிர்வின் அலையெண் (செமீ⁻¹ அலகில்) கிடைக்கும் என 2001 இல் அடோ சோரியோவும் உடன்பணியாளரும் கண்டனர். அதன்படி 1.24 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய் 200 செமீ⁻¹ இல், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 6 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. சுற்றுச்சூழல் மாறினால் இத்தொடர்பும் சிறிது மாறும்.

விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. (6, 5), (9, 1) ஆகிய இரு குழாய்களும் குறைகடத்திகள். இரண்டின் விட்டமும் துல்லியமாக ஒன்றே, ஏறத்தாழ 0.76 நானோமீட்டர். எனவே மூச்சதிர்வைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆனால் இவற்றின் ஒளியியல் பண்புகள் வேறானவை. சவர்க்காரம் போன்ற பரப்பியங்கிகள் கலந்த நீரில் (6, 5) குழாய் ஏறத்தாழ 567 நானோமீட்டர் ஒளியை உட்கவர்ந்து 975 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. (9, 1) குழாயோ ஏறத்தாழ 690 நானோமீட்டர் ஒளியை உட்கவர்ந்து 912 நானோமீட்டரில் உமிழ்கிறது. அதிர்வால் விட்டத்தையும், ஒளியால் எதிர்மின்னி ஆற்றலையும் அறிந்து, இரண்டையும் ஒருசேரப் பொருத்தினால் குழாயின் இரு எண்களையும் உறுதியாகக் கூறலாம். விட்டத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைபடம், 1999 இல் அதை வெளியிட்ட சப்பானிய அறிவியலாளரின் பெயரால் கட்டவுரா வரைபடம் எனப்படுகிறது.

2003 இல் அக்கிம் ஆர்ச்சு முதலியோர் ஒரே குழாயின் ஒளிர்வையும் இராமன் சிதறலையும் ஒரே நேரத்தில் அளந்தனர். இராமன் நிறமாலைப்படி ஒரே கட்டமைப்பு உடைய குழாய்களும் சற்றே வேறுபட்ட ஆற்றல்களில் ஒளிர்வதை அவர்கள் கண்டனர். குழாயில் உள்ள குறைகளும் சுற்றுப்புறமும் இதற்குக் காரணங்கள் எனக் கருதப்பட்டது. மாழை வகைக் குழாய்கள் இவ்வாறு ஒளிர்வதில்லை ஆதலால், அவற்றை ஒளிர்வால் அறிய இயலாது. திறந்த பிளவின் குறுக்கே தொங்கும் குழாயிலிருந்து சிதறும் ஒளியை அளக்கும் முறை 2004 இல் வந்தபின், இருவகைக் குழாய்களையும் ஆராய்வது எளிதாயிற்று.

குவாண்டம் புள்ளி

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் பருமனே உள்ள குறைகடத்திப் படிகம். காட்மியம் செலினைடு புள்ளிகள் 2 நானோமீட்டர் அளவில் நீலமாகவும், 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிர்கின்றன. குவாண்டம் புள்ளிகளின் கண்டுபிடிப்புக்கும் ஆக்கத்துக்குமாக மௌங்கி பவெண்டி, லூயி பிரஸ், அலெக்சி எக்கிமோவ் ஆகியோருக்கு 2023 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தனிப் புள்ளியின் ஒளிர்வை 10 கெல்வின் வெப்பநிலையில் 1996 இல் அளந்தபோது, திரள் அளவீட்டைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட 50 மடங்குக்கும் மேல் குறுகிய கோடுகள் தென்பட்டன. முதன்மைக் கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் குறைந்த ஆற்றலில், துணைக் கோடுகளும் இருந்தன. இவை ஒளியன் வெளியேறும்போது படிகத்தின் அதிர்வுத் துணுக்கு ஒன்றும் (ஒலியன் அல்லது போனான்) உடன் தோன்றுவதால் ஏற்படுகின்றன. ஆகவே ஒரு புள்ளியின் ஒளிர்வு நிறமாலையிலேயே அதன் அதிர்வுகளையும் படித்தறியலாம்.

அதே ஆண்டில் மற்றொரு எதிர்பாராத நிகழ்வும் கண்டறியப்பட்டது. தொடர்ந்து சீரொளி பட்டுக்கொண்டிருந்தபோதும், தனிப் புள்ளி ஒன்று மின்மினியைப் போல் ஒளிர்ந்தும் அணைந்தும் மாறி மாறிக் காணப்பட்டது. இது சிமிட்டல் எனப்படும். புள்ளியில் கூடுதலான மின்னூட்டம் ஒன்று தங்கிவிடும்போது, தூண்டிய ஆற்றல் ஒளியாக வெளிவராமல் அம்மின்னூட்டத்துக்குச் சென்றுவிடுவது இதற்குக் கூறப்படும் முதன்மையான விளக்கம். திரள் அளவீடுகளில் இந்நிகழ்வு ஒருபோதும் வெளிப்பட்டதில்லை. சிமிட்டலைக் குறைக்கும் முயற்சியின் பயனாக 2008 இல் தடித்த காட்மியம் சல்பைடு உறை இடப்பட்ட புள்ளிகள் ஆக்கப்பட்டன.

பொன் நானோ துகள்

பொன் துகளில் உள்ள கட்டுறா எதிர்மின்னிகள் ஒளியின் மின்புலத்தால் ஒருசேர ஊசலாடும். இந்த ஊசலாட்டம் பிளாசுமோன் எனப்படும். சிறு பொன் கோளங்களுக்கு இது 520 நானோமீட்டர் அருகே நிகழ்வதால் அவற்றின் கரைசல் சிவப்பாகத் தெரிகிறது. கோல் வடிவத் துகள்களில் நீளமும் தடிப்பும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதைப் பொறுத்து இது அகச்சிவப்பு வரை நகரும்.

குறுகிய சீரொளித் துடிப்பு பொன் துகளைச் சூடாக்கும்போது, சில பிக்கோநொடிகளில் வெப்பம் அணுக்களுக்குப் பரவி, துகள் விரிவடைந்து, தட்டப்பட்ட மணி போல் அதிரத் தொடங்கும். 50 நானோமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் மூச்சதிர்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 16 பிக்கோநொடி ஆகும். திரள் அளவீட்டில் இவ்வதிர்வு விரைவில் அடங்குவது போல் தோன்றும். பருமன் வேறுபட்ட துகள்கள் வெவ்வேறு கால அளவில் அதிர்ந்து ஒன்றையொன்று அழிப்பதே அதற்குப் பெரும் காரணம். 2005 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தனிப் பொன் கோளங்களின் அதிர்வு அளக்கப்பட்டது. தனித்த அளவீட்டில் இந்தக் கலப்பு இல்லாததால், துகளின் ஆற்றல் சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு விரைவாகக் கசிகிறது என்பதை உண்மையாக அறிய முடிகிறது.

ஒன்றே ஒன்று என உறுதி செய்தல்

ஒளிப்பொட்டினுள் இருப்பது ஒரே துகள்தான் என்பதை மெய்ப்பித்தால்தான் அளவீடு செல்லும். இதற்குப் பல சான்றுகள் பயன்படுகின்றன.

முதலாவது, ஒளிர்வு படிப்படியாகக் குறையாமல் ஒரே அடியாக நின்றுபோவது. பல துகள்கள் இருந்தால் பல படிகள் தெரியும்.

இரண்டாவது, ஒளியன்கள் வரும் நேர ஒழுங்கு. குவாண்டம் புள்ளி ஒன்று பொதுவாக ஒரு தூண்டலுக்கு ஓர் ஒளியனையே உமிழ்வதால், கற்றையை இரண்டாகப் பிரித்து இரு உணரிகளில் விழச் செய்தால் இரண்டும் ஒரே கணத்தில் ஒளியனைப் பதிவு செய்வது மிக அரிது.

மூன்றாவது, ஒளியின் முனைவாக்கம். நானோகுழாய் தன் நீளவாக்கில் அதிரும் ஒளியையே பெரிதும் உட்கவர்கிறது. முனைவாக்கத் திசையைச் சுழற்றும்போது குறிப்பலை கூடிக் குறைவது ஒரே திசையில் கிடக்கும் குழாயைக் குறிக்கும்.

நான்காவது, அதே இடத்தை எதிர்மின்னி நுண்ணோக்கியாலோ அணுவிசை நுண்ணோக்கியாலோ பார்த்து ஒப்பிடுவது.

வரையறைகள்

ஒற்றைத் துகள் அளவீட்டிலும் குறைகள் உண்டு. ஒளிர்வைக் கொண்டு தேடினால் ஒளிரும் துகள்கள் மட்டுமே கண்ணில் படும். ஒளிராதவை கணக்கில் வாராமல் போகும். ஒத்ததிர்வு இராமன் சிதறலிலும், பயன்படுத்தும் சீரொளியோடு பொருந்தும் குழாய்களே தெரியும். எனவே ஒரு சீரொளியால் கண்ட குழாய்களின் விகிதத்தை மாதிரி முழுவதற்கும் உரியதாகக் கொள்ளக் கூடாது. மேலும் சீரொளியே துகளைச் சூடாக்கி அதன் அதிர்வெண்ணை மாற்றக்கூடும். துகள் படிந்துள்ள தகடும் அதன் பண்புகளை மாற்றும். ஒரு துகளின் அளவீடு எவ்வளவு துல்லியமாயினும் அது அந்த ஒரு துகளைப் பற்றியதே. ஆகையால் பல துகள்களை ஒவ்வொன்றாக அளந்து, அவற்றின் பரவலைக் காட்டுவது இத்துறையின் நல்ல வழக்கமாகும். அதாவது, இத்துறை சராசரியைக் கைவிடுவதில்லை. அச்சராசரி எவற்றால் ஆனது என்பதைக் காட்டுகிறது.

பயன்கள்

நானோ பொருட்களை ஆக்குவோர் தம் ஆக்கமுறையின் தரத்தை அறிய இவ்வளவீடுகள் உதவுகின்றன. ஒரு நேரத்தில் ஓர் ஒளியனை மட்டும் உமிழும் ஒளிமூலங்கள் குவாண்டம் தகவல் தொடர்பு ஆய்வுகளில் தேவைப்படுகின்றன. உயிரணுக்களினுள் ஒரு புரதத்தின் நகர்வைப் பின்தொடரக் குவாண்டம் புள்ளிகளும் பொன் துகள்களும் அடையாளமாகப் பயன்படுகின்றன. நானோகுழாயின் ஒளிர்வும் பொன் துகளின் நிறமும் அருகிலுள்ள மூலக்கூறுகளுக்கு ஏற்ப மாறுவதால், இவற்றை நுண் உணரிகளாகவும் கையாள்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

இராமன் விளைவு
கரிம நானோகுழாய்
குவாண்டம் புள்ளி
நானோ தொழில்நுட்பம்
நிறமாலையியல்
ஒலியன்